விற்க மருந்தே இல்லாத புற்றுநோய் மருந்துக் கம்பெனி எப்படி ஓடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருந்துக் கம்பெனிகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. பங்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு வகை. வீட்டில் ஒருவர் நோயோடு போராடிக்கொண்டிருக்க, செய்தியில் ஒரு மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடி வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் படிப்பது ஒரே அறிக்கையைத்தான். இரண்டு பேருக்கும் தேவைப்படும் பதில் வேறு. அதனால் இங்கே இரண்டு பேருடைய கேள்விகளையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. இந்த வகைக் கம்பெனிகள் அதிகம் பட்டியலிடப்பட்டிருப்பது அங்குள்ள நாஸ்டாக் சந்தையில்தான். தொகைகளைக் கோடி டாலரில் தந்திருக்கிறேன். 100 கோடி என்றால் ஒரு பில்லியன்.

விற்க ஒரு மருந்துகூட இல்லை. அப்புறம் எப்படிப் பங்குச் சந்தையில் இருக்கிறது?

லாபம் காட்டினால்தான் சேர்ப்போம் என்று நாஸ்டாக் பிடிவாதம் பிடிப்பதில்லை. போதிய மூலதனமும், கணக்கை ஊருக்குத் திறந்து காட்டும் ஒழுங்கும் இருந்தால் இடம் உண்டு. பங்கு வாங்குபவர்கள் விலை கொடுப்பது இன்றைய வியாபாரத்துக்கு இல்லை. சில ஆண்டுகள் கழித்து வரக்கூடிய, வராமலும் போகக்கூடிய ஒரு மருந்துக்கு.

இதற்கு வழி போட்டுக் கொடுத்தது ஜெனென்டெக். 1976-இல் தொடங்கிய கம்பெனி, 1980 அக்டோபர் 14 அன்று பங்குச் சந்தைக்கு வந்தது. கடையில் விற்க அதனிடம் ஒரு மருந்தும் கிடையாது. 35 டாலருக்குக் கொடுத்த பங்கு ஒரு மணி நேரத்துக்குள் 88 டாலரைத் தொட்டது. அன்று மாலை 71.25-இல் நின்றது. கம்பெனி திரட்டியது சுமார் 3.5 கோடி டாலர். நிணநீர்ப் புற்றுநோய்க்கான ரிடக்சன், ஐடெக் என்ற இன்னொரு கம்பெனியுடன் சேர்ந்து, 1997-இல் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டின் 1998-இல் வந்தது. முதல் நாள் மாலையில் பங்கை விற்றவருக்கும், 18 ஆண்டு கழித்து ஹெர்செப்டின் ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கும் அந்தக் கம்பெனி என்றால் வேறு வேறு பொருள்.

மருந்துக்கான யோசனை அவர்களுடையதுதானா?

பெரும்பாலும் இல்லை. முதல் விதை பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், வரிப்பணத்தில் முளைத்திருக்கும். அமெரிக்காவில் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1937-இலேயே சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் அதற்குப் பணத்தையும் அதிகாரத்தையும் கூட்டியது.

டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தின் கதையைப் பாருங்கள். 1962-இல் அரசுத் தாவரவியலாளர் ஒருவர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வானியும். அது உயிரணுவை எப்படி முடக்குகிறது என்று 1979-இல் காட்டியவர் சூசன் ஹார்விட்ஸ். சோதனைகளைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது தேசியப் புற்றுநோய் நிறுவனம். 1991-இல்தான் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற பெரிய மருந்துக் கம்பெனி உள்ளே வந்தது. 1992 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. முதல் 29 ஆண்டுகளின் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தது பொதுப்பணம்.

1980-இல் வந்த பே-டோல் சட்டம் இந்தக் கைமாற்றத்தைச் சுலபமாக்கியது. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகமே காப்புரிமை எடுத்து, கம்பெனிக்கு உரிமம் கொடுக்கலாம் என்றது. இன்று சிறு கம்பெனிகள் பலவற்றின் பிறப்புச் சான்றிதழ் இப்படிப்பட்ட ஓர் உரிம ஒப்பந்தம்தான்.

ஆனால் கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு வேலை செய்த ஒன்றை, மனிதருக்குக் கொடுக்கத்தக்க தூய்மையில், ஒவ்வொரு குப்பியும் ஒரே மாதிரி வரும்படி தயாரித்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்து, அதற்கு ஆதாரம் கட்டுவது தனி வேலை. அதற்குத்தான் பெரும்பணம் போகிறது.

பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

தொடக்கத்தில், புதிய கம்பெனிகளில் துணிந்து முதலீடு போடும் வென்ச்சர் கேபிடல் நிதிகள். அவர்கள் மொத்தமாகத் தரமாட்டார்கள்; ஒரு படி ஏறினால் அடுத்த தவணை. சோதனை மனிதரை எட்டும் சமயத்தில், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்பே, கம்பெனி பொதுப் பங்கு வெளியீட்டுக்குப் போகும்.

பலர் நினைப்பது போல அது ஒருமுறை நடந்து முடியும் சடங்கு இல்லை. பட்டியலில் சேர்ந்த பிறகுதான் கம்பெனி திரும்பத் திரும்ப வந்து கை நீட்டும். நல்ல சோதனை முடிவு காலையில் வெளியாகும், பங்கு ஏறும், அன்று மாலை சந்தை மூடியதும் "புதிய பங்குகளை வெளியிடுகிறோம்" என்று அறிவிப்பு வரும். பழைய பங்குதாரர்கள் இதைப் பார்த்துக் கோபப்படுவார்கள். அவர்கள் பங்கு நீர்த்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் ஏறிய விலையில் பணம் திரட்டாத நிர்வாகம், இறங்கிய விலையில் திரட்ட வேண்டி வரும். என்னைக் கேட்டால், நல்ல செய்தி வந்த அன்றே பணம் திரட்டுவது பொறுப்பான செயல்.

அடுத்த வழி, பெரிய கம்பெனியோடு கூட்டு. ஃபார்மாசைக்ளிக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2006-இல் செலெரா என்ற கம்பெனியிடமிருந்து வாங்கிய மருந்துகளில் ஒன்று பின்னாளில் இம்புரூவிகா என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து ஆனது. 2009 வாக்கில் ஃபார்மாசைக்ளிக்ஸ் பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. 2011 டிசம்பரில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஜான்சென் பிரிவு உடனடியாக 15 கோடி டாலர் கொடுத்தது. இலக்குகளை எட்ட எட்ட மொத்தம் 97.5 கோடி வரை தருவதாக ஒப்புக்கொண்டது. வளர்ச்சிச் செலவில் பெரும்பங்கு ஜான்செனுக்கு, லாபம் பாதிப் பாதி. 2013 நவம்பரில் ஒப்புதல் வந்தது. 2015-இல் ஆப்வி கம்பெனி பங்குக்கு 261.25 டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. சுமார் 2,100 கோடி டாலர்.

இப்படிப்பட்ட ஒப்பந்தச் செய்தியில் தலைப்பில் வரும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். "வரை" என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது வரலாம், வராமலும் போகலாம். கையெழுத்திட்ட அன்று வங்கியில் விழுந்தது எவ்வளவு என்பதே கேள்வி.

ராயல்டியை விற்பதும் உண்டு. வருங்கால விற்பனையில் வரவேண்டிய பங்கை இன்றே ஒருவரிடம் விற்று மொத்தப் பணமாக வாங்கிக்கொள்வது அது. கம்பெனிகள் மட்டுமல்ல, பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய் மருந்தான எக்ஸ்டாண்டி, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் ராயல்டி உரிமை 2016-இல் ராயல்டி ஃபார்மாவிடம் 114 கோடி டாலருக்குக் கைமாறியது.

பொதுநிதியும் கம்பெனிக்கு நேரடியாக வரலாம். டெக்சாஸ் மாநில வாக்காளர்கள் 2007-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று 300 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், 2019-இல் இன்னொரு 300 கோடிக்கு. அதில் ஒரு பகுதி மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் போகிறது. கடன், பின்னால் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரம் எல்லாமும் உண்டு. வருமானம் இல்லாத கம்பெனிக்குக் கடன் கழுத்தில் கட்டிய கல் மாதிரி என்பதால் ஆரம்பத்தில் குறைவு.

நான் சந்தையில் ஒரு பங்கு வாங்கினால், அந்தப் பணம் ஆராய்ச்சிக்குப் போகுமா?

போகாது. விற்றவருக்குப் போகும். கம்பெனி புதிதாக வெளியிடும் பங்கை வாங்கினால் மட்டுமே பணம் கம்பெனியைச் சேரும். சந்தை விலை நன்றாக இருந்தால் அடுத்த வெளியீட்டில் கம்பெனிக்குக் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான் தொடர்பு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவ வேண்டும் என்பதே உங்கள் நோக்கம் என்றால், நோயாளிகளுக்கும் ஆய்வுக்கும் நிதி தரும் அறக்கட்டளைக்குக் கொடுப்பது நேர்வழி.

ஒரு மருந்தைக் கொண்டுவர எவ்வளவு செலவாகும்?

இரண்டு எண்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கு, எல்லா வகை மருந்துகளையும் சேர்த்து, சுமார் 260 கோடி டாலர் என்றது. 2017-இல் வினய் பிரசாத்தும் ஷாம் மைலன்கோடியும், ஒரே ஒரு புற்றுநோய் மருந்தோடு சந்தைக்கு வந்த பத்துக் கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்து, நடுமதிப்பு 64.8 கோடி டாலர் என்றார்கள்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 260 கோடியில், தோற்ற மருந்துகளையும் சேர்த்து உண்மையில் செலவழித்த பணம் சுமார் 140 கோடிதான். மீதி, அந்தப் பணம் இத்தனை ஆண்டு வேறெங்கும் போகாமல் முடங்கிக் கிடந்ததற்கான விலை. இரண்டாவது ஆய்வு வெற்றி பெற்ற கம்பெனிகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. வழியில் விழுந்தவர்கள் அதில் இல்லை. விலை உயர்வை நியாயப்படுத்துபவர் முதல் எண்ணையும், எதிர்ப்பவர் இரண்டாம் எண்ணையும் எடுப்பது வழக்கம். எண்ணைக் கேட்டதும், அதில் தோல்விகளின் செலவும் காலத்தின் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தோல்வி எவ்வளவு? 2011 முதல் 2020 வரை பார்த்த ஒரு தொழில்துறை ஆய்வின்படி, மனிதரிடம் மூன்று கட்டமாக நடக்கும் சோதனையில் முதல் கட்டத்துக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஒப்புதல் வரை போவது 5.3 சதவீதம். நூற்றுக்கு ஐந்து.

அந்தப் பணம் எதில் கரைகிறது?

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் இல்லை. மனிதரிடம் மருந்தைச் சோதிக்கும் கிளினிக்கல் டிரையலில்தான்.

மூன்றாம் கட்ட டிரையலில் ஒரே ஒரு நோயாளியின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு குழாய் அந்த மருத்துவமனை ஆய்வகத்துக்கு, இன்னொன்று உலர்பனியில் வைத்து வேறொரு நாட்டில் உள்ள மைய ஆய்வகத்துக்கு. இதயத்துடிப்பு வரைபடம் எடுக்கிறார்கள். மருந்தாளுநர் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவைச் சரிபார்த்து, எண் மட்டும் ஒட்டிய குப்பியை எடுக்கிறார். உள்ளே இருப்பது எது என்று அவருக்குத் தெரிந்தாலும் படுக்கையருகே இருக்கும் மருத்துவருக்குத் தெரியக் கூடாது. மருந்து ஏறுகிறது, மணிக்கணக்கில் கண்காணிப்பு. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன். அந்தப் படத்தை, நோயாளி யார் என்றே தெரியாத வெளி மருத்துவர்கள் மறுபடி அளக்கிறார்கள். அப்புறம் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, பதிவேட்டில் எழுதியதும் கணினியில் ஏறியதும் ஒன்றா என்று வரி வரியாகப் பார்க்கிறார். இதைப் பல நூறு நோயாளிகளால், பல நாடுகளால், சில ஆண்டுகளால் பெருக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய மருந்தையும் பல டிரையல்களில் கம்பெனியே காசு கொடுத்து வாங்குகிறது.

அமெரிக்கக் கணக்கு விதிப்படி சொந்த ஆராய்ச்சிச் செலவைச் சொத்தாகக் காட்ட முடியாது. செலவான காலாண்டிலேயே கழிக்க வேண்டும். அதனால்தான் ஒழுங்காக வேலை செய்யும் கம்பெனியின் ஏட்டிலும் ஆண்டுக்கு ஆண்டு நஷ்டமே தெரியும். நஷ்டம் என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம். நஷ்டம் எதனால் என்று பாருங்கள்.

கம்பெனியிடம் இன்னும் எத்தனை நாளைக்குப் பணம் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்கச் சந்தையில் உள்ள கம்பெனிகள் காலாண்டுக்கு ஒரு முறை 10-க்யூ, ஆண்டுக்கு ஒரு முறை 10-கே என்ற அறிக்கைகளைப் பங்குச் சந்தை ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். எட்கர் என்ற தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ரொக்கமும் உடனே ரொக்கமாக்கக்கூடிய முதலீடுகளும் எவ்வளவு, நடப்புச் செயல்பாடுகளுக்கு வெளியே போன ரொக்கம் எவ்வளவு.

ஒரு கற்பனைக் கணக்கு. கையிருப்பு 18 கோடி டாலர். காலாண்டுச் செலவு 3 கோடி. ஆறு காலாண்டு தாங்கும். இப்போது டிரையல் முடிவு எப்போது வரும் என்று பாருங்கள். எட்டாவது காலாண்டில் என்றால், இடையில் இரண்டு காலாண்டு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் முடிவு வராது. புதிய பங்கு வரும், அல்லது கூட்டாளி வருவார், அல்லது ஏதோ ஒரு டிரையல் வெட்டப்படும். மூன்றில் ஒன்று நிச்சயம். மூன்றாம் கட்டத்தில் நோயாளிகள் சேரச் சேரச் செலவும் ஏறும் என்பதால், கடந்த காலாண்டுச் செலவை அப்படியே நீட்டிப் பார்ப்பதும் ஆபத்து.

அறிக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குத் தாக்குப்பிடிப்போமா என்ற கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். "தொடர்ந்து இயங்கும் திறன் குறித்துக் கணிசமான ஐயம்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் தென்பட்டால், அது சடங்குக்காக எழுதிய வாக்கியம் இல்லை.

டிரையல் முடிவு யாருக்கு முதலில் தெரியும்?

யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத இரட்டைக் குருட்டு முறை டிரையல் நடக்கும்போது கம்பெனித் தலைவருக்கும் தெரியக் கூடாது. இடைக்காலத் தரவைப் பார்ப்பது தனியான ஒரு தரவுக் கண்காணிப்புக் குழு. மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் மூடிய கதவுக்குள் பார்த்துவிட்டு, வெளியே வந்து "தொடருங்கள்", "மாற்றுங்கள்", "நிறுத்துங்கள்" என்ற அளவில்தான் சொல்வார்கள். "தொடருங்கள்" என்றால் மருந்து வெல்கிறது என்று பொருளில்லை. பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

உள்ளே இருப்பவருக்குத் தெரிந்த ஒன்று ஊருக்குத் தெரியாமல் இருக்கும் அந்தச் சில நாட்கள் ஆபத்தானவை. இம்குளோன் கம்பெனியின் பெருங்குடல் புற்றுநோய் மருந்தான எர்பிடக்ஸுக்கான விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கே எடுக்க மாட்டோம் என்று மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் எஃப்டிஏ 2001 டிசம்பர் 28 அன்று கடிதம் கொடுத்தது. தலைவர் சாம் வாக்சலுக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்தது. குடும்பத்தினர் பங்கை விற்றார்கள். 2003-இல் அவருக்கு ஏழு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. தொலைக்காட்சிப் பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட் டிசம்பர் 27 அன்று விற்ற கிட்டத்தட்ட 4,000 பங்குகள், அதைப் பற்றி விசாரணையில் பொய் சொன்னதால், அவரையும் சிறைக்கு அனுப்பின.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. எர்பிடக்ஸ் நல்ல மருந்துதான். முறையாக மறுபடி நடத்திய டிரையலோடு 2004 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது, இன்றும் பயன்படுகிறது. பிழை மருந்தில் இல்லை, அதைச் சோதித்த விதத்தில் இருந்தது. பெருங்குடல் புற்றுநோயோடு காத்திருந்தவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது.

கம்பெனி வெளியிடும் செய்தியை எப்படி வாசிப்பது?

முதலில் "முதன்மை இலக்கு" எட்டப்பட்டதா என்று தேடுங்கள். அந்தச் சொல்லே இல்லாமல் "ஊக்கமளிக்கும் முடிவுகள்", "சாதகமான போக்கு", "ஒரு குறிப்பிட்ட பிரிவினரிடம் தெளிவான பயன்" என்று அறிக்கை ஓடினால், இலக்கு தவறியிருக்க வாய்ப்பு அதிகம். டிரையல் தொடங்கும் முன்பு எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்பது கிளினிக்கல்டிரையல்ஸ்.கவ் பதிவேட்டில் இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, அளந்தது எதை? நோய் முற்றாமல் இருந்த காலமா, உயிரோடு இருந்த காலமா? இரண்டும் ஒன்றில்லை. ஸ்கேனில் கட்டி வளராமல் இருந்தும் ஆயுள் நீளாமல் போகலாம். அவாஸ்டின் மருந்து 2008 பிப்ரவரியில் மார்பகப் புற்றுநோய்க்கு விரைவு ஒப்புதல் பெற்றது. பின்னால் வந்த டிரையல்களில் ஆயுள் நீண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை, பக்கவிளைவுகளும் கடுமை. 2011 நவம்பரில் எஃப்டிஏ அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. வேறு சில புற்றுநோய்களுக்கு அது தொடர்கிறது.

மூன்றாவது, சதவீதத்தை மாதமாக்கிப் பாருங்கள். "நோய் முற்றும் அபாயம் 30 சதவீதம் குறைந்தது" என்பது, ஐந்து மாதம் ஏழு மாதமானது என்பதாகவும் இருக்கலாம். இரண்டு மாதம் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் எதற்காக நம்புகிறோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தோற்றால் என்ன ஆகும்?

பங்கு ஒரே நாளில் பாதிக்கும் கீழே போவது சாதாரணம். நெக்டார் கம்பெனியின் ஒரு மருந்துக்காக 2018-இல் பிரிஸ்டல் மையர்ஸ் 185 கோடி டாலர் முன்பணமாகவும் பங்கு முதலீடாகவும் போட்டது. 2022-இல் டிரையல்கள் தோற்றன. நெக்டார் ஊழியர்களில் 70 சதவீதம் பேரை அனுப்பியது. இன்னும் சிறிய கம்பெனி என்றால், மிஞ்சிய ரொக்கத்தோடு வேறொரு கம்பெனிக்குப் பங்குச் சந்தை இடத்தைக் கொடுத்து இணைந்துவிடும். பங்கு ஒரு டாலருக்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் நாஸ்டாக் எச்சரிக்கை அனுப்பும். பல பங்குகளை ஒன்றாக்கி விலையை உயர்த்திக் காட்டுவார்கள்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா?

டென்ட்ரியான் கம்பெனியைக் கேட்டால் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான புரொவென்ஜ் 2010 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நோயாளியின் ரத்த அணுக்களை எடுத்து, ஆலைக்கு அனுப்பி, பழக்கப்படுத்தி, திரும்ப அவருக்கே ஏற்றும் சிகிச்சை அது. ஒரு முழுச் சுற்றுக்கு 93,000 டாலர். மருத்துவர்கள் முதலில் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுக் காப்பீட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்ததால் தயங்கினார்கள். 2011 ஆகஸ்டில் விற்பனைக் கணிப்பைக் கம்பெனி திரும்பப் பெற்றதும் பங்கு ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. 2014 நவம்பரில் திவால் மனு. மருந்து மட்டும் பிழைத்து வேறு கைக்குப் போனது.

பெரிய கம்பெனிகள் ஏன் இவ்வளவு கொட்டிச் சின்னவற்றை வாங்குகின்றன?

காப்புரிமை முடியும் நாள் நெருங்குவதால். மெர்க் கம்பெனியின் புற்றுநோய் மருந்தான கீட்ருடா 2024-இல் மட்டும் சுமார் 2,950 கோடி டாலருக்கு விற்றது. அமெரிக்காவில் அதன் முக்கியக் காப்புரிமை 2028-இல் முடிவதாக இருக்கிறது. அப்படி ஒரு பள்ளம் வருமுன் அதை நிரப்ப மருந்து வேண்டும். 2023-இல் ஃபைசர் சுமார் 4,300 கோடி டாலருக்கு சீஜென் என்ற புற்றுநோய் மருந்துக் கம்பெனியை வாங்கியதும் இந்த வகைதான். இந்த எதிர்பார்ப்புதான் வென்ச்சர் பணத்தை உள்ளே இழுக்கிறது. அதாவது, கையகப்படுத்தலும் ஆராய்ச்சி நிதியின் ஒரு பகுதியே.

இதில் காலம் எப்படிப் பணமாகிறது என்பதற்கு ஒரு சங்கிலி. ஜூனோ என்ற கம்பெனி ரத்தப் புற்றுநோய்க்கு, நோயாளியின் எதிர்ப்பு அணுக்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சையை உருவாக்கிக்கொண்டிருந்தது. 2016-இல் ஒரு டிரையலில் மூளை வீக்கத்தால் ஐந்து பேர் இறந்தார்கள். 2017-இல் அந்த மருந்தைக் கைவிட்டது. அடுத்த மருந்து கையில் இருந்ததால், 2018-இல் செல்ஜீன் சுமார் 900 கோடி டாலருக்கு ஜூனோவை வாங்கியது. 2019-இல் பிரிஸ்டல் மையர்ஸ் சுமார் 7,400 கோடிக்கு செல்ஜீனை வாங்கியது. அப்போது செல்ஜீன் பங்குதாரர்களுக்கு ஒரு நிபந்தனைப் பத்திரமும் கிடைத்தது: மூன்று மருந்துகளும் குறித்த தேதிக்குள் ஒப்புதல் பெற்றால் பத்திரத்துக்கு 9 டாலர். மூன்றில் ஒன்றான ஜூனோவின் அந்த அடுத்த மருந்துக்குக் கெடு 2020 டிசம்பர் 31. கொரோனா காலத்தில் ஆலை ஆய்வு தள்ளிப்போனது. ஒப்புதல் வந்தது 2021 பிப்ரவரி 5. 36 நாள் தாமதம். சுமார் 640 கோடி டாலர் கொடுக்க வேண்டியதில்லாமல் போனது.

தலைவர் தன் பங்கை விற்றால் ஏதோ கெட்டது வருகிறதா?

எப்போதும் இல்லை. பலர் மாதங்களுக்கு முன்பே எழுதி வைத்த திட்டப்படி தானாக விற்கிறார்கள். விற்ற இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4-இல் அறிவிக்க வேண்டும். திட்டப்படியா இல்லையா என்று அதிலேயே குறிப்பு இருக்கும்.

மருந்து விலை ஏன் இப்படி?

அமெரிக்காவில் கம்பெனி வைத்ததே விலை என்பதே சுருக்கமான பதில். 2022 சட்டம் இதைக் கொஞ்சம் மாற்றியது: முதியோருக்கான மெடிகேர் திட்டம் சில மருந்துகளுக்குப் பேரம் பேசலாம், மாத்திரை வகைக்கு ஒப்புதலுக்கு 9 ஆண்டு, உயிரியல் மருந்துக்கு 13 ஆண்டு கழித்து அந்த விலை அமலாகும். முதல் பத்து மருந்துகளில் இம்புரூவிகாவும் ஒன்று. இதனால் மாத்திரை ஆராய்ச்சி குறையும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. கட்ட முடியாத விலையில் இருக்கும் மருந்து நோயாளிக்கு இல்லாத மருந்துதான் என்பது என் கட்சி.

டிரையலில் சேராமல் அந்த மருந்தைப் பெற முடியுமா?

சில சமயம். வேறு வழி இல்லாதவர்களுக்கு, ஒப்புதலுக்கு முன்பே மருந்து தரும் விரிவாக்கப்பட்ட அணுகல் என்ற வழி இருக்கிறது. விண்ணப்பித்தால் எஃப்டிஏ பெரும்பாலும் சம்மதிக்கும். ஆனால் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும்; 2018-இல் வந்த "முயற்சிக்கும் உரிமை" சட்டமும் கம்பெனியைக் கட்டாயப்படுத்துவதில்லை. சிறு கம்பெனியிடம் டிரையலுக்கு அளந்து தயாரித்த குப்பிகள் மட்டுமே இருக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவர் வழியாகக் கேளுங்கள்; கம்பெனித் தளத்தில் இதற்கான கொள்கை இருக்க வேண்டும்.

டிரையல் நடக்கும்போதே கம்பெனியின் பணம் தீர்ந்தால், சேர்ந்திருக்கும் நோயாளிக்கு என்ன ஆகும்?

நான் இந்த அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான். என் சித்தி ஓர் இரண்டாம் கட்ட டிரையலில் இருந்தார். வெள்ளை டப்பா, அதில் எண் மட்டும். ஏழாவது மாதம் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். "கம்பெனி திட்டங்களின் முன்னுரிமையை மாற்றியமைக்கிறது" என்று கடிதத்தில் இருந்தது. மருந்து தோற்றதா என்று சித்தி கேட்டார். இல்லை, முடிவே பார்க்கவில்லை என்றார் மருத்துவர். அன்று இரவு அந்தக் கம்பெனியின் காலாண்டு அறிக்கையைத் தேடிப் படித்தேன். கையிருப்பு மூன்று காலாண்டுக்குத்தான் இருந்தது என்று அதில் இரண்டு மாதமாகவே எழுதியிருந்தது.

டிரையலை நடத்தும் கம்பெனி எந்த நேரத்திலும் அதை நிறுத்தலாம். சேரும்போது கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கும். யாரும் நின்று படிப்பதில்லை. நிறுத்தினால் பாதுகாப்புப் பரிசோதனைகளை முடித்துவிட்டு நோயாளியை வழக்கமான சிகிச்சைக்கு மாற்ற வேண்டும். பயன் பெற்றுக்கொண்டிருப்பவருக்கு மருந்து தொடருமா என்பது ஒவ்வொரு டிரையலிலும் வேறு.

ஆகவே கையெழுத்துக்கு முன்பு கேளுங்கள்: டிரையல் சீக்கிரம் நின்றால் எனக்கு மருந்து கிடைக்குமா, எத்தனை நாளைக்கு? என் ஸ்கேன்களும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் என் கைக்கு வருமா? நிறுத்தினால் அடுத்து எனக்கு எந்தச் சிகிச்சை மிச்சம் இருக்கும், இந்த மருந்தால் அதில் எதற்காவது தகுதி போய்விடுமா? மருத்துவருக்கு உடனே தெரியாவிட்டால், கம்பெனியிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் அந்த வாரமே கடைசிக் காலாண்டு அறிக்கையைத் திறந்து, ரொக்கம் என்ற வரியைப் பார்த்துவிடட்டும்.